சுண்டலுக்கு முன் நாற்பது நிமிஷம்

எங்கள் பக்கத்து அழைப்பிதழ்களில் பேச்சாளர் பெயர் கடைசியில்தான் வரும். தலைமை ஒருவர், முன்னிலை நான்கு பேர், வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்பு விருந்தினர், அவருக்கு ஓர் அறிமுகவுரை. இத்தனையும் முடிந்து மணி எட்டரை ஆனபிறகு, காலத்தின் அருமை கருதிச் சுருக்கமாகப் பேசும்படி ஒரே ஓர் ஆளைத்தான் கேட்டுக்கொள்வார்கள். அவர், பேசுவதற்கென்றே கூப்பிடப்பட்டவர். பம்மலில் எங்கள் தெருக்களுக்கான குடியிருப்போர் நலச்சங்கமும் இப்படித்தான் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கொடியேற்றம், ஆண்டுவிழா, நடுநடுவே சாக்கடைக்கு ஒரு கண்டனக் கூட்டம்.

மழைநீர் சேகரிப்பை வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கியது 2003இல். குழாய்க்கிணறுகள் வரிசையாகக் கைவிட்டிருந்த வருஷம் அது. சேகரிப்புத் தொட்டி எப்படிக் கட்டுவது என்று விளக்க ஓர் இன்ஜினீயரை அழைத்திருந்தோம். வழக்கம்போல மாலை மரியாதை எல்லாம் முடிந்து, விருந்தினர்கள் பொன்னாடையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு கிளம்ப, அவர்களை வழியனுப்பும் சாக்கில் பாதி நாற்காலி காலியாகிவிட்டது. மீதிப் பேரைப் பார்த்து இன்ஜினீயர் மைக்கை அணைத்தார். "உங்க வீட்டு போர் எத்தனை அடி?" என்று முதல் வரிசையில் இருந்தவரிடம் கேட்டார். அவர் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் வேறு கணக்குச் சொன்னார். எதிர்வீட்டில் எத்தனை அடியில் பாறை தட்டியது, எங்கே வெறும் களிமண்ணாகவே வந்தது, எந்தத் தெருவில் உப்பு என்று ஆளாளுக்கு எழுந்து சொல்ல ஆரம்பித்தார்கள். அழைப்பிதழின் பின்பக்கத்தில் அவர் எங்கள் தெருக்களைக் கோடாக இழுத்து, சொன்ன அடிக்கணக்கையெல்லாம் அதில் குறித்துக்கொண்டே வந்தார். கடைசியில் தாளைத் தூக்கிக் காட்டினார். பிள்ளையார் கோயிலுக்குக் கிழக்கே பாறை மேலே ஏறி வருவதும், மேற்கே சரிந்து போவதும் கண்ணுக்குத் தெரிந்தது. நாங்கள் எதன் மேல் வீடு கட்டிக் குடியிருக்கிறோம் என்று அன்றுதான் பார்த்தோம். அதை எங்களுக்குச் சொன்னதும் நாங்களேதான்.

மறுநாள் காலை டீச்சர் என் வீட்டு வாசலில் நின்றார். சங்கத்தின் செயலாளர் அவர். அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். "நேத்து நடந்தது கூட்டம் இல்ல, கூட்டம் முடிஞ்சப்புறம் நடந்தது. அதை மாசாமாசம் நடத்தணும். மாலைச் செலவு மிச்சம்" என்றார். நான் அப்போது சங்கத்தின் பொருளாளர். மிச்சம் என்ற சொல் எந்தப் பொருளாளர் காதுக்கும் இனிமையானதுதான்.

டீச்சர் வைத்த விதிகள் கறாரானவை. மேடை கிடையாது. தலைமை, முன்னிலை கிடையாது. பேச்சு நாற்பது நிமிஷம். மேசைமேல் அவருடைய அலாரம் டைம்பீஸ் உட்கார்ந்திருக்கும், அடித்தால் நிறுத்திவிட வேண்டும். அதற்கப்புறம் கேள்வி, அதற்கு நேர வரம்பு இல்லை. கடைசியில் சுண்டல். பொன்னாடைக்குப் பதில் பக்கத்து ஊரான அனகாபுத்தூர் தறியில் நெய்த ஒரு துண்டு. எல்லாவற்றுக்கும் மேலான விதி, பேசும் விஷயம் இங்கிருந்து நடந்தோ ஷேர் ஆட்டோவிலோ போய்த் தொட்டுப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். கம்பனும் வள்ளுவனும் வேண்டாமா என்று சிலர் மனத்தாங்கலோடு கேட்டார்கள். "அவங்களுக்கு ஊர் முழுக்க ஆள் இருக்கு. நம்ம மலைக்கும் ஏரிக்கும் யார் இருக்கா?" என்றார்.

ரேஷன் கடைக்கு மேலே இருந்த சங்க அறைதான் இடம். நோட்டீஸை ஜெராக்ஸ் எடுத்துப் பேப்பர் போடும் பையனிடம் கொடுத்துவிடுவேன். தெருமுனைக் கரும்பலகையில் டீச்சரே சாக்பீஸால் எழுதுவார். அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே, அவரிடம் படித்தவர்களெல்லாம் வீட்டுப்பாடம் செய்யாதவர்கள் போல வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் தாழும். உள்ளூர்க்காரர் பேசினால் சத்தம் நெருங்கும்போது வாக்கியத்தை அப்படியே நிறுத்தி, கடந்துபோனபின் விட்ட இடத்திலிருந்து எடுப்பார். வெளியூர்ப் பேச்சாளர்கள் விமானத்தோடு போட்டி போட்டுக் கத்துவார்கள். யார் எந்த ஊர் என்று அறிமுகவுரை இல்லாமலே தெரிந்துவிடும்.

எனக்கு இன்றும் மனத்தில் நிற்பது கல் கோடரி பற்றிய பேச்சு. தொல்லியல் படித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி வந்தாள். அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளின் வயது பதினைந்து லட்சம் ஆண்டு என்று 2011இல் செய்தி வந்து, பத்திரிகைகளில் அடிபட்ட சமயம் அது. அவள் அங்கே தொடங்கவில்லை. "இந்தக் கதை உங்க ஊர்லதான் ஆரம்பிக்குது" என்றாள். 1863ஆம் ஆண்டு மே 30. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் கன்டோன்மென்ட் அணிவகுப்பு மைதானத்தில், சரளைக்காகத் தோண்டிய குழியில் ஒரு கல்லைப் பார்க்கிறார். இரண்டு பக்கமும் செதுக்கிய கல். பழைய கற்கால மனிதன் இந்த நாட்டில் இருந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அதுதான். பிரான்ஸில் சோம் ஆற்றங்கரையில் கிடைத்த இதுபோன்ற கற்கள் மனிதன் செய்தவைதான் என்று இங்கிலாந்து அறிஞர்கள் ஒப்புக்கொண்டு அப்போது நான்கு வருஷந்தான் ஆகியிருந்தது. அந்தச் சேதி காதில் விழாத ஒருவர் அந்தக் குழியைத் தாண்டியிருந்தால் அது ஜல்லியோடு ஜல்லியாகப் போயிருக்கும். அதே வருஷம் செப்டம்பரில் ஃபூட்டும் அவருடைய சகா வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள்.

அவள் முடித்ததும் ஒரே அமளி. அந்த மைதானம் எது? ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று கன்டோன்மென்ட் பக்கம் குடியிருந்த ஒருவர், இன்ன இடம்தான் என்று சத்தியம் செய்தார். ரயில்வேக்காரர் ஒருவர், அங்கே சரளையே கிடையாது, களிமண், நான் பையனாக இருந்தபோது கோலிக்குண்டு ஆடிய இடம் என்றார். அந்தப் பெண் பேனாவை எடுத்து இருவர் சொன்னதையும் எழுதிக்கொண்டாள். பேச வந்தவர் கேட்டவர்கள் பேச்சைக் குறித்துக்கொள்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவள் போகிற போக்கில் சொன்ன இன்னொரு செய்தி எதிர்பாராத இடத்தில் போய்த் தைத்தது. ஃபூட் மணந்தது பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை. பின் வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து எங்கள் தெருவில் குடியிருந்தவர். கூட்டங்களில் வாய் திறந்ததில்லை. "எந்தப் பெர்சிவல், பிள்ளை? எங்கட நாவலரைப் படிப்பிச்ச பெர்சிவலோ?" என்றார். அவரேதான். ஆறுமுக நாவலர் படித்ததும் பிறகு கற்பித்ததும் பெர்சிவலின் யாழ்ப்பாணப் பள்ளியில். பைபிள் மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணை நின்றவரும் நாவலர். அந்தப் பள்ளிதான் இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. "என்ர அப்பா படிச்ச பள்ளிக்கூடம்" என்றார் அந்த அம்மா. அப்புறம் அரைமணி நேரம் அவர்தான் பேசினார். டீச்சர் டைம்பீஸ் பக்கம் திரும்பவே இல்லை. பல்லாவரத்துக் குழி எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வழி காட்டும் என்று நினைத்திருந்தேன். ஃபூட்டின் சேகரிப்பு அங்கேதான் இருக்கிறது. அது யாழ்ப்பாணத்துக்கும் ஒரு வழி வைத்திருந்தது.

எல்லாப் பேச்சும் இப்படி அமைந்துவிடவில்லை. பல்லவர் காலம் பற்றிப் பேச வந்த ஒருவர் தம் குலப்பெருமையில் நுழைந்து வெளியே வர வழி தெரியாமல் நின்றார். மலையடியில் மகேந்திரவர்மன் குடைந்த குகையில் அவனுடைய பட்டப்பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. இன்று அது தர்கா. அங்கே போய்க் காட்டியிருந்தாலே போதும். கூட்டத்தில் இருந்த ஒரு பாய்தான் மறுவாரம் எங்களில் சிலரைக் கூட்டிக்கொண்டு போனார். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் ஓடத் தொடங்கிய மின்ரயில் பற்றி ஒருவர் புள்ளிவிவரமாகவே கொட்டினார். மீட்டர்கேஜ் வண்டி நின்ற துக்கம் ஆறாதவர்கள் மட்டும் விழித்திருந்தார்கள்.

மறைமலையடிகளைப் பற்றிப் பேசாமல் பல்லாவரத்தில் எந்தத் தொடரும் நடத்த முடியாது. கிறித்துவக் கல்லூரி வேலையை விட்டுவிட்டு 1911இல் இங்கே வந்து குடியேறியவர். சமரச சன்மார்க்க நிலையம் என்று தொடங்கிப் பின்னர் பொதுநிலைக் கழகம் என்று பெயர் மாற்றிய அமைப்பை இங்கேதான் நடத்தினார். தனித்தமிழ் இயக்கம் இங்கேதான் முளைத்தது. பேச வந்த தமிழாசிரியர் சொன்ன ஒரு தகவல் எனக்குப் பொருளாளர் என்ற முறையில் பிடித்திருந்தது. சொற்பொழிவுக்கு அழைப்பவர்களிடம் அடிகள் செலவுக்கும் மதிப்புக்கும் உரிய தொகையை முன்கூட்டியே பேசிக்கொள்வாராம். வெறும் மாலையோடு அனுப்பிவிட முடியாது. தமிழ்ப் பேச்சாளரை ஓசியில் கூப்பிட்டுக் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிடும் நம் மரபுக்கு நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் மறுப்புச் சொல்லியிருக்கிறார். அன்று இரவே, துண்டோடு ஆட்டோ கூலியும் கொடுப்பது என்று தீர்மானம் போட்டோம்.

மலையைப் பற்றிய பேச்சில் ஒரு புவியியல் பேராசிரியர் சார்னோகைட் என்ற பாறையின் கதையைச் சொன்னார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல், நம் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறையோடு ஒத்துப்போவதைக் கண்டு, தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1890களில் அந்தப் பெயரை வைத்தார். இன்று உலகத்தில் எங்கே அந்தப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான். எல்லோருக்கும் பெருமையாக இருந்தது. கல்குவாரியில் வேலை செய்து வயதான ஒரு பாட்டி மட்டும், "பேரு நல்லாத்தான் இருக்கு சார். அதை ஒடைச்சவங்க கண்ணுல சில்லு தெறிச்சுப் போனதுக்கு ஒரு பேரு வைங்க" என்றார். பேராசிரியர் கும்பிட்டார். வேறு என்ன செய்வது?

அனகாபுத்தூர் நெசவாளி ஒருவர் தறியின் ஒரு பாகத்தையே தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில் நைஜீரியாவுக்குப் போன கட்டம் போட்ட துணி அவர் தகப்பனார் நெய்தது. கைக்குட்டை என்று பெயரே தவிர, அங்கே பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் உடை அது. சாயத்தின் வாசனையை வைத்துக்கூட அசல் சரக்கா என்று கண்டுபிடிப்பார்களாம். நைஜீரியா இறக்குமதியை நிறுத்தியதும் தெருத்தெருவாகத் தறிகள் ஓய்ந்தன. எங்கள் பேச்சாளர்களுக்கு நாங்கள் போர்த்திய துண்டு, நின்றுபோன தறிகளுக்குப் பக்கத்தில் மிஞ்சிய தறியில் நெய்தது என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

தோல் பதனிடுவதைப் பற்றிப் பேச ஆள் தேடி அலைந்தோம். குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்ததே சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் நடத்திய குரோம் லெதர் கம்பெனிதான். பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் என்று சுற்றிலும் டேனரிகள். படித்தவர்கள் யாரையாவது அழைக்கலாம் என்றேன். டீச்சர் தம்மிடம் படித்த ஒரு பெண்ணின் அப்பாவைப் போய்க் கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். "நான் என்னத்தப் பேசறது டீச்சர்? பஸ்ல நான் ஏறினாலே பக்கத்து சீட்டு ஆளு எழுந்துக்குவான்" என்றாராம். மூன்று மாசம் மறுத்துவிட்டு ஒரு சனிக்கிழமை, ஒரு மஞ்சப்பையோடு வந்தார். பையில் இரண்டு தோல் துண்டுகள். ஒன்று செம்பழுப்பு, ஒன்று சாம்பல் கலந்த நீலம். இரண்டையும் வரிசையாகக் கையில் கொடுத்துச் சுற்றுக்கு விட்டார். முதலில் வாங்கியவர்கள் விரல் நுனியால்தான் பிடித்தார்கள்.

உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலை ஊறவைப்பது. அப்புறம் சுண்ணாம்புத் தொட்டி. நாள்கணக்கில் சுண்ணாம்பில் கிடந்து மயிர் கழன்றபின் வழித்து எடுப்பது, சதையைச் சீவுவது. பழைய முறையில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறினால் அந்தச் செம்பழுப்பு வரும். குரோம் முறையில் பெரிய மரப்பீப்பாயில் போட்டு உருட்டினால் ஒரு நாளுக்குள் நீலமாகிவிடும். "பட்டையில பதப்படுத்துனது செருப்பு, பை. குரோம்ல வந்தது மெதுவா இருக்கும், சுடுதண்ணி தாங்கும், ஷூவுக்கு மேல் தோலு" என்றார். நாற்பது நிமிஷத்தில் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. கையை விரித்துக் காட்டினார். சுண்ணாம்பு தின்ற நகங்கள், அடி வரைக்கும் தேய்ந்து.

டைம்பீஸ் அடித்தது. நாகல்கேணியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்தார். "எங்க கெணத்துல தண்ணி மஞ்சளா வந்தது அண்ணே. சோறாக்கினா சோறும் மஞ்சளாத்தான் இருக்கும். அது எங்கேருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. நானும் அடுத்த தெருதான். அதே தண்ணிதான்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? சொல்லியிருந்தா மறுநாள் கேட்டுக்குள்ள வுட மாட்டான். எம் பொண்ணு டீச்சர்கிட்ட படிச்சது அந்தக் கூலிலதான்."

வக்கீல் ஒருவர் எழுந்து, வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சொன்னார். மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை அதில் நிலைபெற்றது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, இங்கும் ஒன்று வந்தது. எல்லாம் சரி. அந்தப் பெண், "கெணறு மூடித்தானே கெடக்கு?" என்றார். தோல்காரர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, வேறு எதற்காவதா, தெரியவில்லை. இரண்டு பேரும் சொன்னது உண்மை. இரண்டையும் ஒன்றாக்கி ஒரு முடிவு சொல்லிவிட அந்த அறையில் யாரும் துணியவில்லை, டீச்சர் உட்பட. அதுதான் சரியென்று இன்றும் நினைக்கிறேன். நலச்சங்கம் மனுக் கொடுக்கும்போது ஊர் முழுக்க ஒரே குரலில் பேச வேண்டியிருக்கிறது. இந்த அறையில் அந்தக் கட்டாயம் இல்லை. சுண்டல் ஆறிப்போனது. கீழே ரேஷன் கடைக்காரர் ஷட்டரைத் தட்டும் வரை இரண்டு பேரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய ஏரி பற்றிய பேச்சு ஒன்று பாதியில் கலைந்தது. பொதுப்பணித் துறையில் இருந்தவர் பழைய சர்வே வரைபடத்தை டியூஷன் சென்டரில் இரவல் வாங்கிய புரொஜெக்டரில் காட்டிக்கொண்டிருந்தார். துரைப்பாக்கம் போகும் இருநூறடிச் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிப் போவதற்கு முன் தண்ணீர் எதுவரை நின்றது, குப்பை கொட்டிக் கொட்டி எந்தப் பக்கம் கரையானது என்று குச்சியால் தொட்டுத் தொட்டு வந்தார். தெருமுனையில் தண்ணீர் லாரியின் ஹாரன். வந்திருந்த சில பெண்களும் ஒரே எழுச்சியாக எழுந்தார்கள், பின்னாலேயே ஆண்களும். இரண்டு நிமிஷத்தில் அறையில் மிஞ்சியது அவரும், நானும், டீச்சரும், சுவரில் நிறைந்து ததும்பிய ஏரியும். அடுத்த மாசம் முதல் கூட்டத்தைச் சாயங்காலம் ஆறரையிலிருந்து நான்குக்கு மாற்றினோம். அதற்கப்புறம்தான் பெண்கள் கணிசமாக வந்தார்கள். அதுவரை எங்கள் நேரம் ஆண்களுக்கு மட்டுமே சௌகரியமான நேரம் என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை. அந்தப் பேச்சின் குறிப்பை ஏரி மனுவோடு இணைத்துக் கொடுத்தோம். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அந்தப் பதிலையும் கோப்பில் வைத்திருக்கிறேன்.

கொரோனாவில் தொடர் நின்றது. செல்போனில் கூட்டம் நடத்திப் பார்த்தோம். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள், அதனால் சுவைக்கவில்லை. 2021இல் பம்மல், பல்லாவரம், அனகாபுத்தூர் நகராட்சிகள் எல்லாம் தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டன. மறுபடி அறையைத் திறந்தபோது, வார்டின் முக்கியஸ்தர் ஒருவர், தாம் தலைமை வகித்துத் தொடரைத் துவக்கி வைப்பதாகச் சொல்லி அனுப்பினார். டீச்சருக்கு இப்போது முழங்கால் தகராறு, மாடி ஏற இரண்டு பேர் பிடிக்க வேண்டும். குரலுக்கு ஒன்றுமில்லை. "வரச் சொல்லுங்க. மூணாவது வரிசையில நல்ல சீட்டா ஒண்ணு போட்டு வைக்கிறோம்" என்றார். அவர் வந்தார். உட்கார்ந்தார். ஒரு கேள்விகூடக் கேட்டார், மோசமான கேள்வி இல்லை.

அடுத்த பேச்சு வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பற்றி. பழைய துணி தைக்கும் மெஷினிலிருந்து புறா வரைக்கும் எதுவும் கிடைக்கும் பல்லாவரம் சந்தையில், பையனாக இருந்த நாளிலிருந்து சாமான் ஏற்றி இறக்கும் ஆட்டோக்காரர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். விதிகளை விளக்கப் போயிருந்தேன். மைக் வேண்டாம் என்றதற்குத் தலையசைத்தார். துண்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். நாற்பது நிமிஷம் என்றதும் வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"நாப்பது நிமிஷமா? சார், இரும்பு சாமான் வரிசைக்கே பத்தாதே."